கடலைப் பார்த்த பக்கம்

போன வாரம், ஃபைபர் வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு ஃபைபர் பலகை. இரண்டு முனையையும் தூக்கிக்கொண்டு, நடு வயிறு தரையில் படிய மல்லாந்து கிடக்கிறது. கீழே ஒரே ஒரு கேள்வி: "மேடம், ரெசின் மோசமா இருக்குமோ?" பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே முகம் சிவக்கும், அது போதும்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். காலையில் செடிக்குத் தண்ணீர் விடுகிறேன், சாயங்காலம் சர்ச்சுக்குப் போகிறேன். நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் நீங்கள் விடுவதாக இல்லை. வளைந்த பலகையின் படம் வந்துகொண்டே இருக்கிறது, கூடவே காரணமும் வருகிறது. இழையை ஒட்டி இறுக்கும் ரெசின் சரியில்லை. மழை. கடல் காற்று. லாரிக்காரன் அடுக்கத் தெரியாமல் அடுக்கிவிட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பார்த்தவரையில் கூடம் நேராகத்தான் இருக்கிறது.

எந்தப் பக்கம் வளைந்தது என்று மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. அதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்? பலகை தன் வியாதியைத் தானே காட்டிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் அதைப் பார்க்காமல் ரெசின் டிரம்மைப் போய்ப் பார்க்கிறீர்கள்.

குலசேகரத்தில் ரப்பர் தோட்டக்காரர் ஒருவருக்கு, சரக்கு வைக்கும் அறைக்காகப் பலகைகள் செய்து அனுப்பினோம். இறக்கிய மறுவாரமே போன் வந்துவிட்டது, எல்லாம் வளைந்து போச்சு, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. போய்ப் பார்த்தேன். தோட்டத்தில் அவ்வளவு மர நிழல் இருக்க, வெயில் விழுகிற ஒரே சுவரைத் தேடிப் பிடித்து அதில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பலகைகள் எல்லாம் சாய்ந்த வாக்கிலேயே முதுகு வளைந்து நிற்கின்றன. "உங்களை இப்படி வெயிலில் சாய்த்து வைத்தால் நீங்களும் வளைவீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, "இருந்தாலும் ரெசின்ல ஏதோ இருக்கு" என்றார். இப்படிப்பட்டவர்களோடுதான் நான் என் ஆயுளைக் கழித்திருக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது அது இல்லை. கதவுகளின் கதை.

சுனாமி முடிந்த காலம். குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஃபைபர் தொழிற்கூடத்தில் நான் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். முதலாளி வளைகுடாவில் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து வந்தவர். எதைச் சொன்னாலும் "கல்ஃப்ல இப்பிடியில்ல" என்று ஆரம்பிப்பார். அலை கொண்டுபோன வள்ளங்களுக்குப் பதிலாக ஆளாளுக்கு வள்ளம் வாங்கிக் கொடுத்த நேரம் அது. நாங்களும் ஓயாமல் வள்ளம் செய்தோம். பிறகு வள்ளம் போதும் என்று ஆகிவிட்டது. வேலை இல்லாமல், வள்ளம் வார்க்கும் மோல்டெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து ஆர்டர் வந்தது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி மீனவர்களுக்குக் கட்டும் புதுக் குடியிருப்பில், வீட்டுக்கு வீடு குளியலறைக் கதவு. மரம் உளுத்துப்போகும், தகரம் துருப்பிடிக்கும், ஃபைபர்தான் வேண்டும் என்றார்கள்.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வள்ளம் செய்கிறவனுக்குக் கதவு ஒரு வேலையா என்றார். அந்த வார்த்தையை நான் அப்போதே வெறுத்தேன். கோயம்புத்தூரில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர் இருந்தார். பேசவே மாட்டார். பேசினால் திட்டுவார். அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது இரண்டு. ஒன்று, தட்டையாக ஒன்றைச் செய்வதைவிடக் கஷ்டமான வேலை இந்தத் தொழிலில் கிடையாது. இன்னொன்று, "சந்தேகம் வந்தா வாயை மூடு, வெட்டிப் பாரு."

கதவின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நுரைப்பலகை. அதற்கு வெளிப்பக்கம் ஒரு தோல், உள்பக்கம் ஒரு தோல். தோல் என்பது கண்ணாடி இழைப் பாயில் ரெசினை ஊறவைத்து இறுக விடுவது. அந்தப் பாயைத்தான் மேட் என்கிறோம். வரைபடத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு மேட் என்று போட்டிருந்தது. நான் மேஜையில் படுக்க வைத்து, மட்டக்கோல் வைத்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு கதவையும் அனுப்பினேன். எல்லாம் நேராகத்தான் போயின.

முதல் வரிசை வீடுகளுக்குக் கதவு மாட்டியாயிற்று. சாவி கொடுக்கும் விழா பின்னால்தான். ஆனால் தற்காலிகக் கொட்டகைகள் மழையில் ஒழுகியதால் அந்த வரிசைக்காரர்கள் முன்கூட்டியே குடியேறிவிட்டார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. கொஞ்ச நாளில் ஒரு மினி லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் ஒரு கதவு. கதவின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

"இஞ்ச யாரு கதவு செய்யியது? வெளிய வாருங்க!"

அவர்தான் பிலோமினா அக்கா. கடப்புறத்தில் மீன் ஏலம் எடுத்துக் குழித்துறைச் சந்தையில் விற்கிறவர். கதவை இறக்கிச் சிமெண்டுத் தரையில் போட்டு, ஒரு முனையில் காலை வைத்து அழுத்தினார். மறு முனை எழும்பியது. காலை எடுத்தார், தொட்டில் போல ஆடியது.

"இத கதவுன்னா சொல்லுதிய? மேல ஒரு ஆளு எட்டிப் பாக்கலாம், கீழ பூனை உள்ள வரலாம். கொண்டி துவாரத்துல எட்டவே இல்ல. எனக்கு ரெண்டு பெண்பிள்ளையளு. குளிமுறிக்குப் பின்னாலதான் சாயாக்கடைக்குப் போற வழி. வெளுக்க முந்தி அதுவளு குளிச்சு முடியுத வரைக்கும் நான் சேலையப் பிடிச்சிட்டுக் காவல் நிக்கேன். அதுக்குள்ள கடப்புறத்துல ஏலம் முடிஞ்சுருது. நல்ல மீனெல்லாம் அடுத்தவளுவ கொண்டுபோறா. பின்ன எனக்கு மிஞ்சுயது சாளையும் நெத்தோலியும்தான்."

"நீங்க எப்பக்கா குளிப்பீங்க?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நானா? எனக்கு யாரு மக்கா காவல் நிப்பா? இருட்டின பிறவு."

உள்ளே மோல்டின் பக்கத்தில் நின்றிருந்த எங்கள் தலைமை மோல்டர் ததேயுஸ் அப்போதுதான் வெளியே வந்தார். வள்ளம் செய்வதில் அந்தக் கரையிலேயே பேர் எடுத்தவர். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, மெதுவாப் பேசு. வேலை எடம்."

"ஏலே, நீ செய்ததா இது? எனக்க கூடப்பிறந்தவன் செய்த கதவா?"

ததேயுஸ் தலை குனிந்தார். பிலோமினா அக்கா கதவை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் குடியிருப்புக்கே நேரில் போய்ப் பார்த்தேன். அந்த வரிசையில் ஒரு கதவுகூட உருப்படியாகச் சாத்தவில்லை.

அடுத்து நடந்த கூத்தைக் கேளுங்கள். ரெசின் விற்கும் ஆள் நாகர்கோவிலிலிருந்து பைக்கில் வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் கூடிவிட்டது என்றார். ஹார்ட்னர் விற்பவரைக் கேட்டால் ரெசின் பழசு என்றார். கதவு மாட்டிய ஆசாரி, நிலை நேராகத்தான் இருக்கிறது, கதவுக்குத்தான் கிறுக்கு என்றார். முதலாளி மட்டும் ஒரே பாட்டாகப் பாடினார்.

"கல்ஃப்ல நாங்க செய்த டாங்க் ஒண்ணாவது வளஞ்சிருக்கா?"

"முதலாளி, டாங்க் உருண்டை. உருண்டை வளைஞ்சா யாருக்குத் தெரியும்?"

"அப்போ நான் சொல்லியது கள்ளமா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அவரே சிமெண்டு மூட்டைகளைக் கதவின் மேல் அடுக்கி வைக்கச் சொன்னார், வைத்தார்கள். மூட்டையை எடுத்தால் கதவு நேராக இருந்தது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். வெயிலில் வைத்தேன். சாயா குடித்துவிட்டு வருவதற்குள் பழையபடி முனையைத் தூக்கிக்கொண்டது. நாய் வாலுக்குச் சிமெண்டு மூட்டை வைத்த கதை.

எனக்கும் ஒரு காரணம் தோன்றியது. மழை நாளில் செய்ததால் ரெசின் முழுதாக இறுகியிருக்காது, வெயில் பட்டதும் மிச்சம் இறுகிச் சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஆகவே அடுத்த தொகுதியைக் கொட்டகையை மூடி, உள்ளே சூடேற்றி, மட்டமாகப் படுக்க வைத்து இறுகவிட்டோம். இந்த முறை சரியாக வரும் என்று முதலாளிக்கு வாக்கும் கொடுத்தேன்.

வந்தது, முன்னைவிட மோசமாக வளைந்து வந்தது. வெயிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, கொட்டகைக்குள்ளேயே வளைந்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. விழா நெருங்குகிறது. முதலாளி போனில் யாரிடமோ "இன்ஜினியர் பெண்ணைக் கொண்டு வச்சேன், அதுதான் நான் செய்த தப்பு" என்று என் காதுபடச் சொல்கிறார். வெளியே போய் நின்றேன். வளைந்த கதவுகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் மண்டையில் ஏறியது. அத்தனையும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. முனைகள் வெளிப்பக்கத்தை நோக்கி. பழையதும் அப்படித்தான், புதியதும் அப்படித்தான்.

மழையோ கடல் காற்றோ காரணம் என்றால் ஒன்று இப்படி வளையும், ஒன்று அப்படி வளையும், ஒன்று முறுக்கிக்கொள்ளும். எல்லாம் சொல்லி வைத்தாற்போல ஒரே பக்கம் திரும்பினால், காரணம் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது. சூடு சும்மா அதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான். வாயை மூடினேன். பிலோமினா அக்கா விட்டுப்போன கதவையும் புதுத் தொகுதியில் ஒன்றையும் எடுத்துப் போட்டு, நட்ட நடுவே அறுக்கச் சொன்னேன்.

"ஐயோ, நல்ல கதவப் போட்டு அறுக்குதியளே!" என்று முதலாளி ஓடி வந்தார்.

"நல்ல கதவா? அப்ப உங்க வீட்டுக் குளிமுறிக்கு மாட்டுங்க."

அறுத்த விளிம்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். நடுவில் வெள்ளை நுரை. உள்பக்கத் தோல் வரைபடத்தில் உள்ள கனம். வெளிப்பக்கத் தோல் அதைவிடத் தடி. புதுக் கதவில் இன்னும் தடி. ரெசின் இறுகும்போது சுருங்கும், பிள்ளைகளே. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சமமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவு நேராக நிற்கும். ஒரு பக்கம் தடித்தால் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். இதில் ரெசின் என்ன செய்யும், மழை என்ன செய்யும்?

"இத யாரு வச்சது?" என்று கேட்டேன். எல்லாருடைய கண்ணும் ஒரே ஆள் மேல் போய் நின்றது.

"நான்தான் மேடம்" என்றார் ததேயுஸ். "வெளிப்பக்கம் ஒரு மேட் கூடுதல் வச்சேன்."

"புதுசுல?"

"அக்கா வந்து சத்தம் போட்ட பிறவு இன்னொண்ணு கூடுதல். வளையுதுன்னா பெலம் காணாதுன்னுதான அர்த்தம்?"

"ஸ்டாக்ல மேட் குறையலையே அண்ணே?"

"வெட்டுயதுல மிச்சம் விழுமே, அதக் கூட்டிச் சேத்து வச்சேன். முதலாளிக்கு நஷ்டம் வரப்பிடாதுல்லா."

பார்த்துக்கொள்ளுங்கள். நோய்க்குக் காரணம் எதுவோ அதையே மருந்தென்று இன்னொரு கரண்டி கொடுத்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

"எதுக்கு அண்ணே வெளிப்பக்கம் மட்டும்?"

"அது கடலப் பாத்த பக்கம் இல்லியா மேடம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எந்தக் கடல்? அந்தக் குடியிருப்பு எங்க இருக்கு, கடல் எங்க இருக்கு? மாடியில ஏறி நின்னாலும் தெரியாதே!"

"தெரியாட்டா என்ன? வெளிய இருந்து வாறது எல்லாம் கடல்தான். அலை வந்த அண்ணைக்கு எங்க வீட்டுல முதல்ல போனது கதவுதான் மேடம். நான் கண்டேன்."

முதலாளி திரும்பி வேறு பக்கம் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று எந்த டிப்ளமாவிலும் சொல்லித் தருவதில்லை.

அவர் செய்ததில் வள்ளக்காரனுடைய நியாயம் முழுக்க இருந்தது. வள்ளத்தில் அலை மோதுவது வெளிப்பக்கம். அடிவயிற்றில் மேட்டை ஏற்றிக்கொண்டே போவார்கள். அது எப்படி இழுத்தாலும் தெரியாது, ஏனென்றால் வள்ளம் பிறக்கும்போதே வளைவு. ஆயுள் முழுக்க வளைவைச் செய்த கையிடம் ஒரு தட்டைப் பலகையைக் கொடுத்துவிட்டு, வள்ளம் செய்கிறவனுக்குக் கதவு ஒரு வேலையா என்று ஒருவர் கேட்டாரே, அவரைத்தான் அறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

முதலாளி தெளிந்துவிட்டார். "அப்போ கூடுதல் மேட்ட எடுத்துருங்க. படத்துல உள்ளபடி செய்யுங்க. பிரச்சினை தீந்துது."

"எடுக்க மாட்டேன்" என்றார் ததேயுஸ்.

"எதுக்குவோய்?"

"எங்க சனம் கிடந்து உறங்குத வீடு. நான் கொறைக்க மாட்டேன். வேணும்னா வேற ஆள வச்சுச் செய்யுங்க."

வேறு ஆள் ஏது? அந்தக் கூடத்தில் பாதிப் பேர் அதே குடியிருப்புக்காரர்கள். இவர் போனால் அவர்களும் ரெசின் பூசும் ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். முதலாளி என்னைப் பார்க்கிறார், ததேயுஸ் என்னைப் பார்க்கிறார். இந்த மாதிரி நேரத்தில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். பலகைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் பாருங்கள். பலகைக்கு மேட் கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்.

"குறைக்க வேண்டாம் அண்ணே. ஒண்ணு கூடுதல் போதும். ஆனா வெளிப்பக்கம் வச்ச அதே மேட்டை உள்பக்கமும் வைங்க. ஒரே நாள்ல, ஒரே கலவையில."

"உள்பக்கத்துக்கு எதுக்கு? உள்ள என்ன வரப்போவுது?"

"உள்ள உங்க அக்கா இருக்காங்க."

ததேயுஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோல்டுக்குப் போனார். செலவு, செலவு என்று முதலாளி புலம்பியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் கதவு வந்தது. வெயிலில் போட்டேன், எடுத்தேன், மறுநாளும் போட்டேன். மட்டக்கோலுக்கு அடியில் வெளிச்சம் நுழையவில்லை.

ஆனால் விழாவுக்குள் எல்லாக் கதவும் ஆகாது. முதலாளி ஒரு யோசனை சொன்னார். பழைய கதவுகளுக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொரு கொக்கி அடித்து இழுத்துப் பூட்டிவிடலாம். வருகிறவர்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள், பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? விழா முடிந்ததும் மாற்றிவிடலாம்.

விழா முடிந்ததும்! இந்த வார்த்தையை நீங்களும் கேட்பீர்கள். டெலிவரி முடிந்ததும், ஆடிட் முடிந்ததும், மழை முடிந்ததும். அதற்கப்புறம் ஒன்றும் நடக்காது. ஆனாலும் அவர் முதலாளி. நான் குடியிருப்புக்குப் போய்ப் பிலோமினா அக்காவிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். முதல் கதவு உங்களுக்குத்தான் தருவேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் மீன் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு மட்டும் வேண்டாம் மக்கா. பின்ன, ஒண்ணு கேளு. வளஞ்ச கதவு கிடந்தா, கதவு குடுத்தாச்சுன்னு எழுதிருவாவ. கதவே இல்லன்னா?"

நான் கம்பெனியின் சம்பளக்காரி.

"நீ ஒண்ணும் கேக்கல. சாயா குடிச்சிட்டு வீட்டுக்குப் போ."

சாயா குடித்தேன். எழுந்து வரும்போது என் பையில் இருந்த பெரிய ஸ்க்ரூ டிரைவரை அவர் வாசல் திண்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஆயிரம் ஞாபகம். மறதி என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விழா அன்று காலை பந்தல், ஒலிபெருக்கி, மாலை, எல்லாம் பிரமாதம். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த பெரியவர் நல்ல மனிதர். பேசி முடித்ததும் வீடுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். முன்பக்கம் பார்த்தார். முதலாளி அப்படியே அவரைக் கார் பக்கம் திருப்பப் பார்த்தார். பெண்கள் கூட்டமாக வந்து, பின்பக்கமும் பாருங்க சாரே என்று அழைத்துப் போய்விட்டார்கள்.

பின்பக்கம் ஒரு கதவுகூட இல்லை. வரிசை முழுக்கக் குளியலறை வாசல்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சேலைகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. கழற்றிய கதவுகளை வேலி ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"கதவெல்லாம் எங்கே?" என்றார் பெரியவர்.

பிலோமினா அக்கா முன்னால் வந்தார். "கதவு வளஞ்சுபோச்சு சாரே. சேலைதான் நேரா நிக்கு."

முதலாளி வாயைத் திறந்தார். மழை, ரெசின் என்று இரண்டு வார்த்தை வந்தது. அதற்குள் ததேயுஸ் மினி லாரியிலிருந்து புதுக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் தரையில் போட்டு, அக்கா செய்தது போலவே முனையில் காலை வைத்து மிதித்தார். கதவு அசையவில்லை. "இது மாதிரித்தான் எல்லாத்துக்கும் வரும் சார்" என்றார். முதலாளியைக் கேட்கவே இல்லை. பெரியவர், "அப்படியானால் இதே மாதிரி எல்லா வீட்டுக்கும் வந்த பிறகு மற்றதைப் பேசுவோம்" என்றார். முதலாளி தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

திரும்பி வரும் வழியில் ஜீப்பில் என்னைக் கேட்டார். "இந்தப் பொம்பளையளுக்கு ஸ்க்ரூ டிரைவர் எங்க இருந்து கிட்டிச்சு?"

"கல்ஃப்ல இருந்து வந்திருக்கும் முதலாளி" என்றேன்.

அதன் பிறகு வேறு வேறு இடங்களில் வேன் பலகை, ஐஸ் பெட்டி மூடி, கூரை என்று என்னென்னவோ பார்த்துவிட்டேன். அவசரத்தில் மோல்டிலிருந்து முன்கூட்டியே பிடுங்கி வளைத்தவர்கள் உண்டு. முதுகில் சட்டம் ஒட்டி, ஒட்டிய இடத்தில் இழுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு பாதிக்குக் காலைக் கலவை, மறு பாதிக்குச் சாயங்காலக் கலவை என்று பூசிய மகான்களும் உண்டு. கெட்ட எண்ணத்தோடு வளைத்தவன் ஒருவனைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லாரும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஒரு பக்கமாகச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் வேலையைவிட்டு அனுப்பிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். ஆகவே படம் அனுப்பும் முன் எந்தப் பக்கம் வளைந்தது என்று எழுதுங்கள். வெட்டிப் பாருங்கள். பிறகு, அந்தப் பக்கத்தில் கூடுதலாக வைத்தவரிடம் போய், ஏன் வைத்தீர்கள் என்று கேளுங்கள். திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். திட்டிய பிறகு கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

புதுக் கதவுகள் எல்லாம் ஆனதும் மாட்டுவதற்கு நானும் போனேன். பிலோமினா அக்கா தனக்கு முதலில் வேண்டாம் என்று சொன்னபடியே கடைசியாகத்தான் மாட்ட விட்டார். ததேயுஸ் தன் கையாலேயே கீல் முடுக்கினார். உச்சி வெயில். சந்தையில் விற்று முடித்து அப்போதுதான் வந்திருந்த அக்கா, கதவை மேலும் கீழும் பார்த்தார், கையால் தடவினார், உள்ளே போய்ச் சாத்தினார். கொண்டி விழும் சத்தம் கேட்டது. நாங்கள் வெளியே நின்றோம். கதவு நிலையோடு நிலையாக உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"சரியாட்டு இருக்கா அக்கா?" என்றார் ததேயுஸ்.

பதில் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். கொண்டி சிக்கிக்கொண்டதோ என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. ததேயுஸ் கதவைத் தட்டினார்.

"அக்கா? என்ன, தொறக்க முடியலியா?"

உள்ளே வாளியில் செம்பு முங்குகிற சத்தம். தண்ணீர் தலையில் விழுந்து தரையில் சிதறுகிற சத்தம். இன்னொரு செம்பு. அதன் பிறகுதான் குரல் வந்தது.

"ஏலே, அங்க தள்ளிப் போலே. நான் குளிக்கேன்."